புகைக்குழாய்க்குள் புகும் வெளிக்காற்றுக்கு ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

பழைய பெட்ரோல் கார்களின் புகைக்குழாய்ப் பழுதுகள் பற்றிய கையேட்டுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். சைலன்சர், மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்த்தொகுதி), பேக்கிங் (இணைப்பின் இடைவெளியை அடைக்கும் தகடு), கிளாம்ப் எல்லாம் பட்டறையில் புழங்குகிறபடியே இருக்கட்டும். சொல்லில்லாமல் தடுமாறுவது ஓரிடத்தில்தான்.

எஞ்சினுக்கும், புகையிலுள்ள ஆக்சிஜனை அளந்து சொல்லும் ஆக்சிஜன் உணரிக்கும் நடுவில் மேனிஃபோல்டு விரிசல் விட்டாலோ பேக்கிங் எரிந்துபோனாலோ "லீக்" என்கிறோம். எழுதும்போது "கசிவு" என்கிறோம். இரண்டு சொல்லும் உள்ளிருப்பது வெளியே வருவதைத்தான் குறிக்கும். ஆனால் வண்டியைக் கெடுப்பது வெளியிலிருப்பது உள்ளே போவது. புகை குழாயில் ஒரே சீராக ஓடுவதில்லை, துடித்துத் துடித்து ஓடுகிறது. மூன்று சிலிண்டர் எஞ்சின் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால் நொடிக்கு 20 துடிப்பு. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே குழாயினுள் அழுத்தம் வெளியழுத்தத்துக்கும் கீழே இறங்கிவிடும். அந்தக் கணத்தில் விரிசல் காற்றை உறிஞ்சும்.

சரியான கலவை எரிந்து வரும் புகையில் ஆக்சிஜன் ஒரு சதம் அளவுக்கே இருக்கும். வெளிக்காற்றில் ஏறக்குறைய 21 சதம். ஆகவே துளி நுழைந்தாலும் உணரி "பெட்ரோல் போதவில்லை" என்று அறிவித்துவிடும். 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்க வேண்டிய அதன் மின்னழுத்தம் 0.2-க்குக் கீழேயே கிடக்கும். பெட்ரோல் அளவை முடிவுசெய்யும் கட்டுப்பாட்டுப் பெட்டி அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும்.

இப்படி உள்ளே புகும் காற்றுக்கு என்ன பெயர்? "உட்கசிவு", "போலிக்காற்று", "கள்ளக்காற்று" என மூன்றை முன்வைக்கிறேன்.

* * *

> "உட்கசிவு", "போலிக்காற்று", "கள்ளக்காற்று"

ஐயா, வணக்கம். "உட்கசிவு" வேண்டாம். ரத்தம் உடலுக்குள்ளேயே கசிவதை உட்கசிவு என்று எழுதுகிறோம். எஞ்சினிலும் பிஸ்டன் வளையத்தைத் தாண்டியோ வால்வு இருக்கையைத் தாண்டியோ வாயு நழுவுவதற்கு அந்தச் சொல் தேவைப்படும். "போலிக்காற்று" அதைவிடப் பிழை. நுழைவது உண்மையான காற்று. பொய்யாகிப்போவது உணரியின் அறிக்கை.

"கள்ளக்காற்று" நல்ல சொல், ஆனால் அதற்கு உரிய இடம் வேறு. எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்தில், காற்று அளவியைத் தாண்டி ரப்பர் குழாய் கிழிந்தால், அளவிக்குத் தெரியாமல் காற்று உள்ளே போகிறது. கணக்குக்குத் தப்பி நுழைவதால் அதைக் கள்ளக்காற்று என்பதே பொருந்தும். புகைப் பக்கத்தில் நடப்பது இன்னொரு பழுது. இரண்டிலும் உணரி சொல்வது ஒன்றேதான், "பெட்ரோல் போதவில்லை". அதனாலேயே இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். உறிஞ்சு பக்கத்துக் குழாய்களையெல்லாம் மாற்றிவிட்டு, பிறகு நல்ல உணரியையும் கழற்றி எறிகிறார்கள்.

பிரித்தறியும் வழி கையேட்டில் கட்டாயம் வர வேண்டும். உறிஞ்சு பக்கத்தில் ஓட்டை என்றால் கலவை உண்மையிலேயே பெட்ரோல் குறைந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டி கூட்டிக் கொடுத்ததும் கலவை நேராகிவிடும். பிளக் வழக்கமான பழுப்பில் இருக்கும், புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு ஏறாது. புகைப் பக்கத்தில் ஓட்டை என்றால் கலவை தொடக்கத்திலிருந்தே சரியாகத்தான் இருந்தது. அதன்மேல் பெட்ரோலைக் கூட்டுவதால் பிளக்கில் கரி அடையும், வால்குழாய் உள்ளே கறுக்கும், மைலேஜ் விழும், கார்பன் மோனாக்சைடு எகிறும். பாரத் ஸ்டேஜ் 2, 3 (இந்தியப் புகை விதிகள்) கால கார்களுக்கு ஐட்லிங்கில் வரம்பு 0.5 சதம், அதைத் தாண்டுகிற வண்டியில் உணரி மட்டும் "போதவில்லை" என்று சொன்னால் முதலில் மேனிஃபோல்டைப் பாருங்கள்.

ஸ்கேனரை மட்டும் நம்பி இதைப் பிரிக்க முடியாது. இரண்டு பழுதிலும் பெட்ரோல் திருத்தம் (உணரியைக் கேட்டுப் பெட்டி பெட்ரோலைக் கூட்டும் அளவு) ஐட்லிங்கில் அதிகமாகவும் 2,500 சுற்றில் குறைவாகவும் தெரியக்கூடும். வேகம் கூடினால் குழாயின் சராசரி அழுத்தம் உயரும், விரிசல் உறிஞ்சுவது குறையும். தவிர, இந்தியாவில் ஓ.பி.டி. 2 (வண்டியே தன் பழுதைக் கண்டறிந்து ஸ்கேனருக்குச் சொல்லும் முறை) கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய பல வண்டிகளில் பொது ஸ்கேனர் பேசவே பேசாது. மல்டிமீட்டர்தான் துணை.

* * *

இருவருக்கும் வணக்கம். இரண்டு பழுதுக்கும் இரண்டு சொல் வேண்டும் என்பதை ஏற்கிறேன். வரையறையை ஆக்சிஜன் உணரியோடு கட்டிவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் வினையூக்கி மாற்றி (புகையின் நச்சைக் குறைக்கும் கருவி) வந்தது 1995-ல். அதற்கு முந்தைய கார்ப்யுரேட்டர் வண்டிகளில் உணரியே கிடையாது. அங்கும் விரிசல் காற்றை உறிஞ்சுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சைலன்சரில் "பட், பட்" என்று வெடிக்கிறதே, அதற்கு இது ஒரு முக்கியக் காரணம். த்ராட்டில் மூடியதும் சிலிண்டரில் சரியாக எரியாத பெட்ரோல் ஆவி குழாய்க்கு வரும். வழியில் நுழைந்த ஆக்சிஜனோடு கலந்து சூட்டில் பற்றிக்கொள்ளும். சைலன்சரின் உள்தடுப்புகள் தையல் விட்டு ஆடத் தொடங்குவதும் இந்த அடியால்தான். கார்ப்யுரேட்டரை எத்தனை முறை டியூன் செய்தாலும் மேனிஃபோல்டு பேக்கிங்கை மாற்றாமல் இந்த வெடிப்பு நிற்காது.

வினையூக்கி மாற்றி உள்ள வண்டியில் நடப்பது இதைவிட மோசம். கூட்டிய பெட்ரோல், வெளியிலிருந்து வந்த ஆக்சிஜன் இரண்டும் மாற்றிக்குள் சந்தித்து அங்கே எரிகின்றன. உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி 1,000 டிகிரியைத் தாண்டிச் சூடானால் அதன் மேற்பூச்சு செத்துவிடும். இன்னும் ஏறினால் கட்டியே உருகி வழியை அடைக்கும். அப்புறம் வண்டி மேடேறாது. அடைத்துவிட்டதா என்று பார்க்க உணரியைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியைத் திருகுங்கள். 2,500 சுற்றில் சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டைத் தாண்டினால் அடைப்பு. பேக்கிங்கில் தொடங்கிய பழுது மாற்றியின் விலையில் வந்து முடிகிறது. இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

சொல்லுக்கு வருகிறேன். உணரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் செல்லும்படி "புறக்காற்று" என்று வைக்கலாமா?

* * *

"புறக்காற்று" பொதுப்படையாகிவிடுகிறது. ஏர் ஃபில்டர் வழியாகப் போவதும் புறக்காற்றுதானே.

"இடைக்காற்று" என்று வைத்துப் பாருங்கள். ஏட்டுச்சுவடியில் ஆசிரியர் எழுதாத வரி நடுவே புகுந்துவிட்டால் இடைச்செருகல் என்கிறோம். படிக்கிறவர் அதையும் ஆசிரியர் வாக்காகவே எடுத்துக்கொள்கிறார். உணரியும் அப்படித்தான்: வழியில் செருகிய ஆக்சிஜனை எஞ்சின் விட்ட ஆக்சிஜனாகவே படிக்கிறது. தொடக்கத்தில் போன காற்று இல்லை, இடையில் புகுந்த காற்று என்பதும் சொல்லிலேயே விளங்குகிறது. "இடை" என்றால் எடையா, இடுப்பா என்ற குழப்பம் வராது. இடைக்காலம், இடைத்தேர்தல் என்று பழகிய முன்னொட்டு.

* * *

இடைக்காற்றை வழிமொழிகிறேன். ஒரு விதிவிலக்கைச் சேர்க்க வேண்டும். சில எஞ்சின்களில் இதே உறிஞ்சலை வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். ஒருவழி நாக்கு வால்வு ஒன்றை வைத்து, அழுத்தம் இறங்கும் கணங்களில் வடிகட்டிய காற்றைப் புகைத்துறைக்குள் விடுகிறார்கள், மிச்சப் பெட்ரோல் அங்கேயே எரியட்டும் என்று. நம் ஊர்க் கார்ப்யுரேட்டர் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் இது உண்டு. புகைக்குழாய் காற்றை உறிஞ்சுமா என்று கேட்பவர்களுக்கு இந்த வால்வே சான்று. இப்படித் திட்டமிட்டு விடுவதை "ஊட்டுகாற்று" என்றால் இரண்டும் பிரிந்து நிற்கும். நாக்கு தேய்ந்து மூடாமல்போனால் புகை பின்னோக்கி வந்து ரப்பர் குழாயைப் பொசுக்கும் என்பதையும் அந்தப் பதிவில் எழுதலாம்.

* * *

அனைவருக்கும் நன்றி. இதுவரை வந்ததை வைத்துப் பதிவின் வரைவு:

இடைக்காற்று: எஞ்சினின் வெளியேற்று வால்வுக்கும் வால்குழாயின் முனைக்கும் இடையே, வடிவமைப்பில் இல்லாத திறப்பு வழியாகப் புகைக்குள் கலக்கும் வெளிக்காற்று. உணரிக்கு முன் கலந்தால் கலவையைக் கெடுக்கும். உணரிக்குப் பின் கலந்தால் கலவை கெடாது, ஆனால் புகைச் சோதனையின் அளவீட்டைக் கெடுக்கும்: ஆக்சிஜன் கூடி, 14–15 சதம் இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு குறைந்து காட்டும்.

சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்க்க, பழுது பார்க்கும் பகுதியையும் அதைக்கொண்டே எழுதியிருக்கிறேன்.

இடைக்காற்று புகும் இடத்தை எஞ்சின் ஆறியிருக்கும்போதே தேடுங்கள். மேனிஃபோல்டு விரிசல் குளிர்ந்த நிலையில் "டிக் டிக்" என்று தட்டும். இரும்பு சூடாகி விரிந்ததும் சத்தம் மறைந்துவிடும். எஞ்சினை அணைத்துவைத்து, வேக்கம் கிளீனரின் ஊதும் முனையை வால்குழாயில் துணி சுற்றிப் பொருத்தி, மேனிஃபோல்டு இணைப்பு, உணரி திருகும் பற்றவைப்பு, ஸ்பிரிங் போல்ட் போட்ட இணைப்பு, நெளிகுழாய் (எஞ்சினின் அசைவைத் தாங்க வளைந்துகொடுக்கும் குழாய்த்துண்டு) நான்கிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி இடத்தைக் காட்டிவிடும். கரிக்கோடு படிந்திருந்தால் தெளிக்கவே வேண்டாம்.

உறுதிப்படுத்த, எஞ்சின் சூடேறியபின் உணரிக் கம்பியில் மல்டிமீட்டரை வைத்து, தடித்த ஈரத்துணியால் வால்குழாயை ஓரிரு நொடி நெரியுங்கள். குழாயினுள் அழுத்தம் ஏறுவதால் உறிஞ்சல் நிற்கும். கீழே கிடந்த மின்னழுத்தம் சட்டென்று ஏறினால் இடைக்காற்றுதான் காரணம், உணரி பிழைத்திருக்கிறது. திறந்த வெளியில், கையுறையோடு மட்டும் இதைச் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

மேனிஃபோல்டைக் கழற்றும்முன் துரு இளக்கும் எண்ணெயை முந்தின இரவே ஸ்டட்களில் (மேனிஃபோல்டைப் பிடிக்கும் தலையில்லாத போல்ட்கள்) விடுங்கள். முறுக்கி உடைத்தால் அலுமினிய ஹெட்டில் துளையிடும் வேலை வந்து சேரும். உடைந்த துண்டு கொஞ்சம் வெளியே நீட்டியிருந்தால் அதன்மேல் நட் ஒன்றைப் பற்றவைத்து, அந்தச் சூட்டோடு கழற்றுவது நல்லது. மேனிஃபோல்டு முகத்தில் நேர்விளிம்பை வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய உலோக இலைகள்) பாருங்கள். 0.1 மி.மீ.க்கு மேல் இலை நுழைந்தால் முகத்தைச் சமன்செய்யாமல் புதுப் பேக்கிங் போடுவது வீண், சில மாதத்தில் அதே இடத்தில் எரியும். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். எம்8 ஸ்டட்டுக்குப் பெரும்பாலும் 20–25 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் கையேட்டு அளவே இறுதி. ஒருமுறை சூடேறி ஆறியபின் மறுபடி சரிபாருங்கள்.

வார்ப்பிரும்பு விரிசலைச் சாதாரண ராடால் பற்றவைத்தால் பற்றுக்குப் பக்கத்திலேயே புது விரிசல் ஓடும். நிக்கல் ராடு, முன்சூடு, மெதுவான ஆறுதல் மூன்றும் வேண்டும். அதற்கு வசதியில்லாத பட்டறையில் மேனிஃபோல்டை மாற்றிவிடுவதே மேல். நெளிகுழாய் கிழிந்திருந்தால் எஞ்சின் மவுண்ட்களையும் பாருங்கள். தளர்ந்த மவுண்டை அப்படியே விட்டால் புது நெளிகுழாயும் கிழியும். வண்டியிலேயே பற்றவைப்பதானால் பேட்டரி நெகட்டிவையும் உணரி இணைப்பையும் முதலில் கழற்றுங்கள். உணரிக்கு முன் உள்ள இணைப்புகளில் சாதாரண சிலிக்கான் பசை தடவவே கூடாது. அதன் ஆவி உணரியின் முனையில் வெள்ளையாகப் படிந்து அதை நிரந்தரமாகக் கெடுக்கும். இடைக்காற்றை அடைத்துவிட்டுப் புது உணரி வாங்கும்படி ஆகும்.

வேலை முடிந்ததும் கட்டுப்பாட்டுப் பெட்டி கற்றுவைத்த பழைய திருத்தத்தை ஸ்கேனரால் அழிக்க வேண்டும். முடியாத பழைய வண்டிகள் பலவற்றில் பேட்டரியைச் சற்று நேரம் கழற்றிவைத்தால் அழிந்துவிடும். அழிக்காவிட்டால் அது மறந்து மீளும்வரை வண்டி பெட்ரோலை அதிகமாகவே குடிக்கும்.

"இடைக்காற்று", "கள்ளக்காற்று", "ஊட்டுகாற்று" மூன்றையும் பட்டியலில் ஏற்றுகிறேன். நெளிகுழாய் என்று நானே எழுதிவிட்டதற்கு மாற்று இருந்தால் தெரிவியுங்கள். பட்டறைகளில் "பெல்லோஸ்" என்பதும் கேட்கிறது.