போட்டோ வாக் (கைடோடு குழுவாக நடந்து படம் எடுப்பது) போய் வந்தும் மனதைவிட்டுப் போகாத ஒரு கணம்: உங்களுக்கு உண்டா?

கதவோரம்:

நாலு மாதம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. கோட்டைச் சுவருக்குள் இருக்கும் பழைய நகரம், விடியற்காலை, பன்னிரண்டு பேர், முன்னால் கைடு. மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நடக்க முடியாத சந்து. ஒரு வாசற்படியில் ஒரு பாட்டி உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். எதிர்ச் சுவரில் பட்ட வெயில் திரும்பி வந்து அவர் முகத்தில் மெதுவாக விழுந்தது. கைடு நின்று, குரலைத் தாழ்த்தி, "இந்த வெளிச்சம் இன்னும் அஞ்சு நிமிஷம்தான்" என்றார். அவ்வளவுதான். பன்னிரண்டு கேமராவும் ஒன்றாக மேலே எழுந்தன.

பாட்டி நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை, கோபப்படவும் இல்லை. கையில் இருந்த ஊசியைச் சட்டைத் துணியில் குத்தி வைத்தார். அவசரமே படாமல், ஊசி தொலைந்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துக் குத்தினார். அப்புறம் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

நான் கடைசியாக எடுத்த படத்தில் பாதி சாத்திய கதவும், அதன் விளிம்பைப் பிடித்த நான்கு விரல்களும் இருக்கின்றன. வாக் முடிந்து எல்லோரும் உட்கார்ந்து படம் பார்த்தபோது, அன்றைக்கு எடுத்ததில் அதுதான் சிறந்தது என்றார்கள். நல்ல படம்தான், எனக்கே தெரிகிறது. அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. வேறு யாருக்கும் காட்டவில்லை, அழிக்கவும் மனது வரவில்லை.

மழைக்குடை:

எனக்கும் ஒன்று உண்டு, ஆனால் வேறு மாதிரி. எங்கள் கைடு ஆரம்பத்திலேயே, "இருபது நிமிஷம் கேமரா பையிலேயே இருக்கட்டும், சும்மா நடங்க" என்றார். நான் போனதே ப்ளூ ஹவருக்காக, வானம் அடர்நீலமாக இருக்கும் அந்தி நேரத்துக்காக. பெயரில்தான் ஹவர். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே சுமார் 4 டிகிரியிலிருந்து 8 டிகிரி வரை இருக்கும் நேரம் அது, வெப்பமண்டல நாடுகளில் இருபது நிமிடம்கூட நீடிக்காது. அதையே விட்டுவிடச் சொல்கிறாரே என்று எரிச்சல். சதுக்கம் வந்ததும் யாரிடமும் சொல்லாமல் பிரிந்து போய்விட்டேன். மணிக்கூண்டும் அடர்நீல வானமும் நான் நினைத்தபடியே கிடைத்தன.

திரும்பி வந்து குழுவைத் தேடினால், ஒரு புத்தகம் பைண்ட் செய்பவரின் பட்டறைக்குள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். வெறும் கையோடு வந்தவர்களைப் பார்த்து அவரே உள்ளே கூப்பிட்டிருக்கிறார். கதவு சாத்தியிருந்தது. தட்டக் கூச்சமாக இருந்தது, ஜன்னல் வழியாக ஒரு படம் எடுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் விளக்கு, சிரிக்கிற முகங்கள், நடுவில் பசை தடவிய ஒரு பழைய அட்டை. இந்தப் பக்கம் என் கேமராவின் நிழல். மணிக்கூண்டுப் படத்தை இப்போது திறப்பதே இல்லை, இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அகலக்கோணம்:

கதவோரம், தப்பு உங்கள் மேல் இல்லை. அவ்வளவு குறுகிய சந்துக்குள் பன்னிரண்டு பேரைக் கூட்டிப் போனவர் மேல்தான் தப்பு. எனக்கும் ஒருமுறை நடந்தது: தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் 70–200 மி.மீ. லென்ஸை நீட்டிக்கொண்டு நின்றபோது செருப்புத் தைக்கும் ஒருவர், "என்னப்பா, எதிரியையா குறி பார்க்கிறே?" என்று கேட்டார். அன்றோடு அந்த லென்ஸை வாக்குக்கு எடுத்துப் போவதை நிறுத்திவிட்டேன்.

இனி போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆறு பேருக்கு மேல் இருந்தால் சேராதீர்கள், முன்பதிவு செய்யும்போதே எண்ணிக்கையைக் கேட்டுவிடுங்கள். லென்ஸ் ஒன்றே போதும், அகலமாகப் பார்க்கும் 28 அல்லது 35 மி.மீ. இந்த அளவில் ஒரு முகம் பெரிதாக வர வேண்டுமானால் நீங்கள் கிட்டே போயே ஆக வேண்டும், கிட்டே போனால் பேசாமல் இருக்க முடியாது. போனில் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான், பெரும்பாலான போன்களின் முதன்மை லென்ஸ் 24–26 மி.மீ. அளவுக்குச் சமம்.

அமைப்புகளை சந்துக்குள் நுழைவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பகலில் அபர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப்8, நிழலான இடமென்றால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800 அல்லது 1600, ஷட்டர் வேகம் 1/250 நொடி, ஃபோகஸ் இரண்டரை மீட்டரில். ஒருவர் எதிரே நிற்கும்போது பட்டன்களைத் தடவிக்கொண்டிருப்பது அவருக்குச் செய்யும் மரியாதைக் குறைவு.

சுண்ணாம்பு அடித்த சுவர் படச் சட்டத்தை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும், அது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடுகிறது. எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (வெளிச்சத் திருத்தம்) +1 வையுங்கள். உயரமான கோபுரத்தைக் கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் பக்கச் சுவர்கள் உள்ளே சாயும். கேமராவைச் சமமாகப் பிடித்து, தூரம் போய் எடுத்து, கீழே உள்ள தரையை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். ட்ரைபாட் வேண்டாம், பாதுகாக்கப்பட்ட பல சின்னங்களில் அதற்குத் தனி அனுமதி கேட்பார்கள்.

முக்கியமானது அனுமதி கேட்பதுதான். மொழி தெரியாவிட்டால் கேமராவைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினால் போதும். எடுத்ததும் திரையை அவருக்குக் காட்டுங்கள்.

நிழல்வேட்டை:

அகலக்கோணம் சொல்லும் எல்லாவற்றுக்கும் சரி, கடைசிக்கு மட்டும் இல்லை. கேட்ட நொடியிலேயே தெரு செத்துவிடுகிறது. 1838இல், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான டாகேர் பாரிஸில் ஒரு மேல்மாடி ஜன்னலிலிருந்து ஒரு வீதியை எடுத்தார். பல நிமிட எக்ஸ்போஷர் (ஒளி பதியும் நேரம்) என்பதால் நகர்ந்துகொண்டிருந்த வண்டிகளும் ஆட்களும் பதியவே இல்லை. பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். படத்தில் விழுந்த முதல் மனிதர்களில் ஒருவர் அவர், அவரை யார் கேட்டார்கள்? தெருப் படங்களுக்குப் பேர்போன கார்ட்டியே-பிரெஸோன் தன் லைக்கா கேமராவின் பளபளப்பான பாகங்களைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்து வைத்திருந்தார். அதுவும் யார் கண்ணிலும் படாமல் இருக்கத்தான்.

ஆனாலும் என் கதையைச் சொல்ல வேண்டும். ஒரு வாக்கில் பூட்டு ரிப்பேர் செய்யும் பெரியவர். ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு கண்ணை இடுக்கி, சாவித் துளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேமராவைத் தூக்குவதற்குள் கைடு முந்திக்கொண்டு அனுமதி கேட்டார். போச்சு என்று நினைத்தேன். அவர் எல்லாவற்றையும் கீழே வைத்தார், முகத்தைத் துடைத்தார், தலையை வாரினார், கையைத் தொடையோடு ஒட்டி வைத்து விறைப்பாக நின்றார். மரியாதைக்கு ஒன்று எடுத்தேன். "சரியா நின்னேனா?" என்று கேட்டார். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன். தெருமுனை திரும்பியதும், கார்டில் இடம் இல்லையென்று அந்தப் படத்தைத்தான் முதலில் அழித்தேன்.

அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. கேட்காமல் எடுப்பதுதான் என் கட்சி, இன்னும் மாறவில்லை. ஆனால் அதை அழித்திருக்கக் கூடாது.

அகலக்கோணம்:

அந்தப் பாரிஸ் மனிதரை உதாரணமாகச் சொல்ல முடியாது. மேல்மாடியிலிருந்து எடுத்த படம், முகமே தெரியாது, அவர் யாரென்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. கதவோரம் சொல்லும் பாட்டிக்கு முகம் இருக்கிறது, வீடு இருக்கிறது, நாளைக்கும் அந்தப் படியில்தான் உட்கார வேண்டும். அடுத்த வாரம் இன்னொரு பன்னிரண்டு பேர் வருவார்கள். தெருவில் ஒருநாள் நின்றுவிட்டுப் போகிறவனும், தினம் ஆள் கூட்டி வரும் வாக்கும் ஒன்றல்ல.

அட்ஜே என்ற புகைப்படக்காரர் முப்பது வருஷத்துக்குப் பக்கமாகப் பழைய பாரிஸை எடுத்தார். 18×24 செ.மீ. கண்ணாடித் தகடு, மரக் கேமரா, ட்ரைபாட், எல்லாவற்றையும் தானே சுமந்தார். ஒளித்து எடுக்க வழியே இல்லை. கடை வாசலில் நிற்கிறவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். அந்தத் தெரு எங்கே செத்தது?

சுண்ணாம்புச் சுவர்:

ஆட்களைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு உறுத்துவது ஒரு கம்பி.

செதுக்கு வேலை செய்த மர உப்பரிகை, அதன் குறுக்கே கறுப்பாக நாலைந்து மின்கம்பிகள். எங்கள் கைடு நல்லவர், விஷயம் தெரிந்தவர். கம்பி விழாமல் எடுக்க எங்கே நிற்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் இடம் காட்டினார். நான் முட்டி போட்டு, ஒரு திண்ணைத் தூணுக்குப் பின்னால் அதை மறைத்து, ஒரு வழியாகச் சட்டத்தைச் சுத்தமாக்கினேன். பக்கத்து வாசலில் ஒரு அம்மா வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "கம்பியையும் சேர்த்து எடுங்க. அது வர்றதுக்குப் பதினோரு வருஷம் மனு எழுதிக் கொடுத்தோம்" என்றார்.

நான் சிரித்துச் சமாளித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து 140 படத்தையும் பார்த்தேன். ஒன்றில்கூடக் கம்பி இல்லை, தண்ணீர்த் தொட்டி இல்லை, ஸ்கூட்டர் இல்லை. ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து விலக்கியிருக்கிறேன். நூறு வருஷத்துக்கு முன் எடுத்தது என்று சொன்னால் நம்பிவிடலாம், அப்படிச் செய்ததில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அட்ஜே பேச்சு வந்ததால் ஒன்று. அவருக்கும் முன்னால் மார்வில் என்பவர், இடிக்கப்படப்போகும் பாரிஸ் தெருக்களை நகர நிர்வாகத்துக்காக எடுத்தார். அதே மனிதர் புதிதாக நட்ட தெருவிளக்குக் கம்பங்களையும் ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறார். பழையது, புதியது இரண்டுமே அவர் கண்ணில் அந்த ஊர்தான். அந்த அம்மாவும் என்னிடம் அதைத்தான் கேட்டார். கம்பியோடு ஒன்று எடுத்திருந்தால் எனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

முன்னே நடப்பவன்:

இங்கே கைடுகளைத் திட்டியிருக்கிறீர்கள். நான் ஆறு வருஷமாக அந்த வேலைதான் செய்கிறேன். என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வழியில் நீளமான ஒரு நடைபாதை உண்டு, மேலே கூரை, இந்தப் பக்கம் இருட்டு, அந்தப் பக்கம் முற்றத்து வெயில். அதன் வாயிலில் காலை நேரத்தில் ஒரு தாத்தா கைத்தடியோடு நிற்பார். ஒவ்வொரு குழுவையும் அங்கே நிறுத்தி, "வெளிச்சத்துக்கு அளவு வையுங்கள், உருவம் கறுப்பாக விழட்டும்" என்று சொல்லிக்கொடுப்பேன். எல்லோருக்கும் அழகான நிழலுருவம் கிடைக்கும். முதல் நாளே அவரிடம் கேட்டுவிட்டேன், அவரும் தலையாட்டினார். அதற்கப்புறம் கேட்டதில்லை.

ஒருநாள் அவர் என்னை நிறுத்தி, "தம்பி, இத்தனை பேர் எடுத்துட்டுப் போறாங்களே, நான் எப்படி இருக்கேன்னு ஒருதடவை காட்டேன்" என்றார். என்னிடம் ஒரு படம்கூட இல்லை. பழைய ஆட்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டு, பதினாலு படம் வந்தது, பிரிண்ட் போட்டு எடுத்துப்போய்க் கொடுத்தேன். மடியில் வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். பதினாலிலும் வளைவு, வெயில், கைத்தடி, கறுப்பாக ஒரு உருவம். "நல்லா இருக்கு" என்றார். அப்புறம், "இதுல நான் எங்கே?" என்று கேட்டார்.

கதவோரம், உங்கள் கைடு "அஞ்சு நிமிஷம்தான்" என்றாரே, அந்த வார்த்தையை நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அகலக்கோணம்:

அந்த இடத்தில் ஸ்பாட் மீட்டரை (ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) முகத்தில் வைத்திருந்தால் முகம் வந்திருக்கும். பின்னால் முற்றம் வெளுத்துப்போகும், போகட்டும். போனில் என்றால் முகத்தைத் தொட்டுவிட்டு விரலை மேலே இழுத்தால் போதும். இல்லையென்றால் அவரைத் திருப்பி, முற்றத்தைப் பார்த்து நிற்கச் சொல்லலாம். நிழலில் நிற்கிறவருக்கு முற்றத்து வெளிச்சம் மெத்தென்று விழும், அதைவிட நல்ல விளக்கு கிடையாது. அப்புறம் அவரை எடுத்தீர்களா?

கதவோரம்:

நானும் இதைத்தான் கேட்க வந்தேன்.

முன்னே நடப்பவன்:

எடுத்தேன். அடுத்த நாளே, குழு இல்லாமல் தனியாகப் போனேன், பத்தரை மணி இருக்கும். அந்த வாயிலுக்கு அவர் வர மறுத்துவிட்டார். தன் வீட்டு முன்னால்தான் எடுக்க வேண்டும் என்றார். உள்ளே போய்ச் சட்டை மாற்றப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு வந்தார். கைத்தடியை உள்ளேயே வைத்துவிட்டு, நிலைப்படியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

வெளிச்சம் ஒன்றும் விசேஷமில்லை, வெறும் நிழல். அவருக்கு ஒன்றே ஒன்றுதான் முக்கியம்: தலைக்கு மேலே கதவு எண் தெரிய வேண்டும். முதல் படத்தில் அவர் தலை எண்ணை மறைத்தது, இரண்டாவதில் பாதிதான் தெரிந்தது. இரண்டையும் திரையில் பார்த்து வேண்டாம் என்றார். மூன்றாவதில் எண் முழுசாக விழுந்தது, அவர் கண் கொஞ்சம் மூடியிருந்தது. இன்னொன்று எடுக்கட்டுமா என்று கேட்டேன். "இதே போதும்" என்று அதைத்தான் பிரிண்ட் போடச் சொன்னார்.