ஷெப்பர்டும் சிண்ட்ரெல்லாவும் ஒரே குரலா? ஜெனிஃபர் ஹேலின் தொழில் வாழ்க்கை குறித்து ஒரு கேள்வி

கேள்வி

வணக்கம். மாஸ் எஃபெக்ட் என்ற வீடியோ கேம் வரிசையின் முதல் மூன்று கேம்களையும் பெண் ஷெப்பர்டாகவே ஆடி முடித்திருக்கிறேன். ஷெப்பர்ட் அதன் நாயகப் பாத்திரம்; ஆணாகவோ பெண்ணாகவோ ஆடலாம். ஒரே சொல்லில் எதிரில் நிற்பவரை அடக்கிவிடும் அந்தக் குரல் குரல் நடிகை ஜெனிஃபர் ஹேலுடையது என்று அறிந்த பிறகு அவருடைய பிற பங்களிப்புகளைத் தேடினேன். டிஸ்னி வெளியிட்ட சிண்ட்ரெல்லா தொடர்ச்சிப் படங்களில் நாயகியாகப் பேசியவரும் அவரே என்பதை நம்புவதற்கு எனக்கு நேரம் பிடித்தது.

ஒருவர் இப்படி ஒரு தொழில் வாழ்க்கையை எவ்வாறு அமைத்துக்கொள்கிறார்? அனிமேஷனுக்குப் பேசுவதற்கும் வீடியோ கேமுக்குப் பேசுவதற்கும் உண்மையில் என்ன வேறுபாடு? மைக் முன் நின்று எழுதிக் கொடுத்ததை வாசிப்பதுதானே என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை, ஆனால் மறுத்துப் பேசப் போதிய விவரம் என்னிடம் இல்லை. இவ்வளவு புகழ் பெற்ற பிறகாவது இவர்களுக்கு வருமானத்தில் பாதுகாப்பு உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1

நல்ல கேள்வி. ஹேல் கனடாவின் லாப்ரடோர் பகுதியில் பிறந்து, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வளர்ந்தவர். வானொலி விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்துத்தான் இத்துறைக்குள் வந்தார். 1994-இல் கார்மென் சாண்டியேகோ அனிமேஷன் தொடரில் ஐவி என்ற பெண்ணாகவும், அதே ஆண்டு தொடங்கிய ஸ்பைடர்மேன் தொடரில் ஃபெலிசியா ஹார்டியாகவும் பேசினார். பவர்பஃப் கேர்ள்ஸ் தொடரின் பள்ளி ஆசிரியை மிஸ் கீனும் அவர்தான்.

அவர் வந்த காலத்தையும் நாம் கருத்தில் கொள்ள வேண்டும். குறுந்தட்டு (சி.டி.) வந்த பிறகுதான் கேம்களில் நீண்ட உரையாடல்களைப் பதிவு செய்து வைக்க இடம் கிடைத்தது. அதுவரை எழுத்தாகத் திரையில் ஓடிய வசனங்களுக்குத் திடீரென்று தேர்ந்த நடிகர்கள் தேவைப்பட்டார்கள். 1998-இல் மெட்டல் கியர் சாலிட் கேமின் நவோமி ஹண்டர், 1999-இல் பிளேன்ஸ்கேப் டார்மென்ட் கேமின் இரு முக்கியப் பெண் பாத்திரங்கள், 2003-இல் ஸ்டார் வார்ஸ் கேம் ஒன்றின் பஸ்டிலா ஷான் என்று அந்தத் தேவை வளர வளர அவரும் உடன் வளர்ந்தார். அதிகமான வீடியோ கேம்களில் பேசிய குரல் நடிகை என்று கின்னஸ் நிறுவனம் 2013-இல் அவரைப் பதிவு செய்தது.

எண்ணிக்கையைவிட வீச்சுதான் எனக்கு வியப்பளிக்கிறது. 2002-இல் வெளிவந்த மெட்ராய்டு பிரைம் கேமில் நாயகி சாமஸ் அரானுக்காக அவர் கொடுத்தவை வசனங்களே அல்ல. அடிபடும்போதும் தாவும்போதும் விழும்போதும் எழும் மூச்சொலிகள் மட்டுமே. அதே ஆண்டு வந்த சிண்ட்ரெல்லா தொடர்ச்சியிலோ, 1950-ஆம் ஆண்டுப் படத்தில் ஐலீன் வுட்ஸ் பேசிய மென்குரலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்நியமாக ஒலிக்காதபடி பேச வேண்டியிருந்தது. தன் குரலை முற்றிலும் மறைத்துக்கொள்வதும் நடிப்புதான் என்பதை உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள்.

மறுமொழி 2

நான் தமிழ் டப்பிங்கில் பணிபுரிகிறேன்; வேலைமுறை பற்றி மட்டும் எழுதுகிறேன். எங்களுக்குத் திரையில் முகம் இருக்கும், உதடு அசைவு இருக்கும், முதலில் நடித்தவரின் மூச்சுகூட ஹெட்போனில் கேட்கும். அமெரிக்க அனிமேஷனில் வரிசை தலைகீழானது. பெரும்பாலும் குரல்தான் முதலில் பதிவாகிறது. அந்தக் குரலைக் கேட்டே ஓவியர்கள் வாயையும் முகபாவத்தையும் வரைகிறார்கள். பல தொடர்களில் நடிகர்கள் எல்லோரும் ஒரே அறையில் அமர்ந்து, ஒருவர் பேசுவதைக் கேட்டு மற்றவர் பதில் சொல்லும் விதத்தில் பதிவு நடைபெறுவதும் உண்டு.

வீடியோ கேமில் பெரும்பாலும் இவை எதுவும் இல்லை. நடிகை தனியே ஒலிப்பதிவுச் சாவடிக்குள் நிற்கிறார். கதை கதையாகக் கைக்கு வருவதில்லை. கட்டம் போட்ட அட்டவணையில், கோப்பு எண்ணுடன், அவருடைய வரிகள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். எதிரில் பேசுபவரின் பதில் இன்னும் பதிவாகாமலேயே இருக்கலாம். ஷெப்பர்டின் நிலை இதைவிடக் கடினமானது. ஆடுபவர் இரக்கத்தையும் தேர்ந்தெடுக்கலாம், கடுமையையும் தேர்ந்தெடுக்கலாம். இரண்டுக்கும் பின்னர் அதே பொதுவான வரி வரக்கூடும் என்பதால், எந்தப் பாதையில் வந்தாலும் அவ்வரி ஒட்டுமாறு பேச வேண்டும், அதேசமயம் அது உயிரற்றும் போய்விடக் கூடாது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இடம், தொலைவு, எதிரில் நிற்பவர், சற்று முன் நடந்தது ஆகியவற்றை இயக்குநர்தான் சொல்லித் தர வேண்டும். மாஸ் எஃபெக்டை உருவாக்கிய பயோவேர் நிறுவனத்தில் கேரலைன் லிவிங்ஸ்டன் அப்பொறுப்பை ஏற்றிருந்தார். ஷெப்பர்டின் உறுதியில் அவருடைய பங்கு சிறியதன்று என்றே நான் கருதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. போர்க் காட்சிகளுக்கான அலறல்களையும் சாகும் ஒலிகளையும் வழக்கமாகப் பதிவின் கடைசிப் பகுதிக்குத் தள்ளி வைப்பார்கள். அவற்றை முதலில் எடுத்துவிட்டால், மென்மையாகப் பேச வேண்டிய வரிகளுக்குத் தொண்டை மிஞ்சாது. இப்படிக் கத்திக் கத்திக் குரல்நாணில் காயம் பட்டவர்கள் இத்தொழிலில் இருக்கிறார்கள்.

மறுமொழி 3

வருமானம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிலைமை நீங்கள் நினைப்பதைவிடக் கடினமானது. ஒரு கேம் பல லட்சம் பிரதிகள் விற்றாலும், அதில் பேசியவருக்குப் பதிவுநாளுக்கான ஊதியமே கிடைக்கும். திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் மறுஒளிபரப்புக்குக் கிடைப்பது போன்ற தொடர் பங்கு இங்கு இல்லை. இதை முன்வைத்தும், தொண்டையை வருத்தும் பதிவுகளை இரண்டு மணிநேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று கோரியும், அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா 2016 அக்டோபர் 21 அன்று பதினொரு நிறுவனங்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கியது. ஹேல் அதை வெளிப்படையாக ஆதரித்தார். எந்த கேமில் பேசுகிறோம் என்றுகூடத் தெரியாமல், மாற்றுப் பெயர் சூட்டப்பட்ட திட்டத்துக்கு ஒப்பந்தம் போட வேண்டியிருந்ததும் அன்றைய குறைகளில் ஒன்று.

பதினொரு மாதங்களுக்குப் பிறகு கிடைத்த உடன்பாட்டில் விற்பனைப் பங்கு இடம்பெறவில்லை. அதற்குப் பதிலாக, முதல் பதிவுக்கு 75 டாலரில் தொடங்கி, பத்துப் பதிவுகள் முடியும்போது மொத்தம் 2,100 டாலர் ஆகும் ஒரு கூடுதல் தொகை ஒப்புக்கொள்ளப்பட்டது. எத்தனை கோடி ஈட்டிய கேமாக இருந்தாலும் அந்த உடன்பாட்டில் உச்சவரம்பு இதுதான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. 2024 ஜூலையில் தொடங்கிய அடுத்த வேலைநிறுத்தத்தின் மையம் செயற்கை நுண்ணறிவு. தம் குரலின் எண்ணியல் நகலை உருவாக்குவதற்குத் தம்முடைய ஒப்புதலும் அதற்கான ஊதியமும் வேண்டும் என்று நடிகர்கள் நின்றார்கள். 2025 ஜூலையில் உறுப்பினர்கள் வாக்களித்துப் புதிய ஒப்பந்தத்தை ஏற்றனர். ஆயிரக்கணக்கான வரிகளைத் தெளிவாகப் பதிவு செய்து கொடுத்த ஒருவரின் குரலை நகலெடுப்பதுதான் எல்லாவற்றிலும் எளிது என்பதை எண்ணிப் பார்த்தால், அவர்கள் அஞ்சியதன் காரணம் விளங்கும்.

2022-இல் பயனெட்டா 3 கேமில் முன்பு பேசிவந்த ஹெலெனா டெய்லருக்குப் பதிலாக ஹேல் வந்தபோது, டெய்லரின் ஊதியம் பற்றிய தகராறில் ரசிகர்களின் கோபம் ஹேல்மீதும் திரும்பியது. ரகசிய ஒப்பந்தத்தால் தம்மால் விவரம் கூற இயலாது என்றும், எல்லா நடிகர்களுக்கும் நல்ல ஊதியம் கிடைக்கத் தாம் நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வருவதாகவும் அவர் அறிக்கை வெளியிட்டார்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஒரு கூடுதல் ஐயம். இவ்வளவு உழைத்து உருவாக்கிய பெண் ஷெப்பர்டை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? நான் பார்த்த விளம்பரங்கள் அனைத்திலும் ஆண் ஷெப்பர்டே இருக்கிறார்.

மறுமொழி 4

சரியாகவே கவனித்திருக்கிறீர்கள். மார்க் மீர் பேசிய ஆண் ஷெப்பர்டுக்கும் ஹேலுக்கும் ஏறத்தாழ ஒரே கதைவசனம்தான். ஆனால் முதல் இரண்டு கேம்களின் அட்டையிலும் விளம்பரங்களிலும் ஆண் உருவம் மட்டுமே முன்னிறுத்தப்பட்டது. பெண் ஷெப்பர்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் 18 சதவீதம் மட்டுமே என்று பயோவேர் 2011-இல் தெரிவித்தது. ரசிகர்கள் விடாமல் வலியுறுத்திய பின்னரே, பெண் ஷெப்பர்டின் தோற்றத்துக்கு இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தி, 2012-இல் வந்த மூன்றாம் கேமின் அட்டையின் மறுபக்கத்தில் அவர் உருவத்தை அச்சிட்டார்கள். 2021-இல் மூன்று கேம்களும் புதுப்பிக்கப்பட்டு ஒரே தொகுப்பாக வந்தபோது அந்த அளவு 32 சதவீதமாக உயர்ந்திருந்தது. ஹேல் பேசிய பெரும்பாலான வரிகள் இந்த உயர்வுக்கு வெகுமுன்பே பதிவானவை. கேட்பவர் குறைவு என்று அவர் எந்த இடத்திலும் அக்கறையைக் குறைத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து எதைக் கேட்பது என்று தேடுகிறீர்களானால், 2021-இல் வந்த ராட்செட் அண்ட் கிளாங்க் கேமில் ரிவெட் பாத்திரத்தைக் கேளுங்கள். நிறைய வாசிக்கும் பொறுமை இருந்தால் பிளேன்ஸ்கேப் டார்மென்ட் அதைவிடச் சிறந்தது. அதில் பேசப்படும் வரிகள் குறைவு, ஆனால் இறந்துபோன காதலி டியோனாராவாக அவர் பேசும் தொடக்கக் காட்சி ஒன்றே போதுமானது.