1,80,000 ஓடிய காரை வாங்கி மூன்று வருஷம்: என் நோட்டுக் கணக்கு

வாங்கும்போது மீட்டரில் 1,80,000 கிலோமீட்டர். இப்போது 2,31,000. லாபமா நஷ்டமா என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

விற்றவரிடம் சர்வீஸ் ரசீது ஒன்றுகூட இல்லை. டைமிங் பெல்ட் (எஞ்சினில் பிஸ்டனும் வால்வும் நேரம் தப்பாமல் இயங்க வைக்கிற பல் பெல்ட்) எப்போது மாற்றினீர்கள் என்றால், "அதெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். அந்த ஒரு பதிலுக்கே விலையைக் குறைத்துக் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

முதல் வாரமே மெக்கானிக் கவரைக் கழற்றி, பெல்ட்டைப் பின்பக்கமாக மடக்கிக் காட்டினார். பல்லுக்குப் பல் நடுவே மயிரிழை வெடிப்பு. வாட்டர் பம்ப்புக்கு அடியில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிந்து காய்ந்த கறை. என் எஞ்சினில் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. இரண்டையும் சேர்த்தே மாற்றினோம். இல்லாவிட்டால் அதே கூலியை இரண்டு தடவை அழ வேண்டியிருக்கும். கிளட்ச்சும் சேர்ந்துகொள்ள, வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்கு அந்த மாதமே போனது. வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

அன்று போட்ட நோட்டு இது. முதல் வருஷம் மேற்சொன்னவையோடு முன் ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் ரப்பர் புஷ், பேட்டரி. இரண்டாம் வருஷம் நான்கு டயர். மூன்றாம் வருஷம் ஆயில், ஃபில்டர், பிரேக் பேட், அவ்வளவுதான். ஒர்க்ஷாப்பில் நின்ற 11 நாள் டாக்ஸி செலவையும் சேர்த்து 36 மாதத்துக்கு வகுத்தேன். புது வண்டிக்குக் கட்டியிருக்கும் தவணையில் பாதிகூட வரவில்லை. "வண்டி விலைக்கு மேல் ரிப்பேரா" என்று கேட்பவர்கள் இந்தத் தவணையை மறந்துவிடுகிறார்கள்.

பதில்:
எனக்கு நேர்மாறு. அதே பெல்ட்தான். அடுத்த மாதம் பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போட்டேன், ஓட்டத்திலேயே அறுந்தது. பிஸ்டன் இடித்து வால்வெல்லாம் வளைந்துவிட்டது. வால்வெல்லாம் இருக்கிற எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கிச் செய்கிற காசுக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம் என்றார்கள். எடைக்குப் போட்டேன். இப்போது வைத்திருப்பது செயின் எஞ்சின், அந்த பெல்ட்டுக்குப் பதில் இரும்புச் செயின். அதற்காக நிம்மதி என்று சொல்ல மாட்டேன். ஆயில் மாற்றாமல் ஓட்டினால் செயினும் தேய்ந்து நீளும், காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் கலகலவென்று காட்டிக்கொடுக்கும்.

பதில்:
என்னுடையது ஆயில் குடிக்கிற வண்டி. 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர். காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை, வால்வ் சீல் (வால்வ் வழியாக ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கிற ரப்பர்) போயிருக்கிறது என்றார்கள். மாற்றவில்லை. டிக்கியில் ஒரு கேன், வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயில் அளவு பார்ப்பேன். ஊற்றுகிற ஆயிலின் விலை, சீல் மாற்றும் செலவைத் தொட நாலு வருஷமாவது ஆகும்.

பார்க்கப் போன அன்று பானட்டில் கை வைத்தேன், சூடாக இருந்தது. "இப்பதான் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன்" என்றார் விற்றவர். சூடான எஞ்சினில் அந்தப் புகை தெரியாது என்று அப்போது எனக்குத் தெரியாதே!

முதலில் எழுதியவர்:
எரிகிற ஆயில், சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்குமே, அதைக் கணக்கில் சேர்த்தீர்களா?

பதில்:
இல்லை. இன்றைக்கே ஒரு நோட்டு வாங்குகிறேன்.