குழந்தை உடம்பில் காரீயம்: அரசு அடைத்த வாசல்களும் ஊர்ப்பெட்டியில் வரும் மிச்சமும் (அனுபவப் பகிர்வு)

தெம்பனிஸ் வாசகி:
காரீய (லெட்) நச்சு என்றாலே அமெரிக்காவின் பழைய வீடுகள், ஃபிளிண்ட் நகரத்துக் குழாய்த் தண்ணீர் என்று பேசிவிட்டு, "நம்ம சிங்கப்பூர்ல அதெல்லாம் இல்லை" என்று முடித்துவிடுகிறோம். பாதி உண்மைதான். இங்கே பெட்ரோலில் கலந்த காரீயம் 1987-இலேயே லிட்டருக்கு 0.15 கிராமாக இறக்கப்பட்டது. 1998 ஜூலையோடு காரீயம் கலந்த பெட்ரோல் விற்பனையே நின்றது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021-இல். குழாய்த் தண்ணீருக்கு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரம்பு. அழகுசாதனப் பொருளுக்கு 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு), பாரம்பரிய மருந்துக்கு 10 பிபிஎம் என்று சுகாதார அறிவியல் ஆணையம் வைத்திருக்கிறது. விளையாட்டுப் பொருள்களுக்கும் பாதுகாப்புத் தரம் உண்டு.

ஆனால் இதெல்லாம் கடைக்கு வரும் சரக்கைப் பிடிக்கும் வலை. மாமியார் சாங்கியில் இறங்கும்போது பெட்டியில் இருக்கும் மஞ்சள்தூள், கண்மை, லேகியம் எதையும் யாரும் அளப்பதில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யும் திட்டமும் இங்கே கிடையாது. தொழிலில் இருப்பவர்கள் அவரவர் மேசைக்கு வந்ததை எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், செய்முறை வேண்டும்.

தேக்கா மருந்துக்கடை:
வாசகி அக்கா, முதலில் கண்மை. சுர்மா என்று விற்கும் பளபளப்பான கருந்தூளில் அசல் சரக்கே காரீயக் கல்தான், காரீய சல்ஃபைடு. எடையில் பாதிக்கு மேல் காரீயமாக இருக்கும் தூளும் உண்டு. விளக்குக் கரியும் நெய்யும் சேர்த்து வீட்டில் செய்யும் மையில் அது வர வழியில்லை. கடையில் "வீட்டு மை" என்று ஒட்டி விற்பதற்கு அந்த உத்தரவாதம் கிடையாது. கண் வழியாக உள்ளே போவது கொஞ்சம்தான். குழந்தை கண்ணைக் கசக்கி அதே விரலை வாயில் வைப்பதுதான் ஆபத்து. கண்ணில் போடாமல் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டாக வைத்தாலும் இதே கதைதான்.

அடுத்து உலோக மருந்து. இங்கே சீன மருந்து தயாரிப்புகள் விற்பனைக்கு முன்பே பட்டியலிடப்பட வேண்டும். இந்திய, மலாய் மருந்துகளுக்கு அப்படி முன் அனுமதி இல்லை. வரம்புக்குள் வைத்திருப்பது விற்பவர், இறக்குமதி செய்பவர் பொறுப்பு. அதனால் புட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும். ஆயுர்வேதத்தில் நாக பஸ்மம் என்றால் காரீயம். சித்தத்தில் நாக பற்பம் என்றால் துத்தநாகம். ஒன்றை மற்றதாக நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய. சித்த மருந்தில் கருவங்கம், மிருதார்சிங்கி என்று கண்டால் அது காரீயம். மிருதார்சிங்கி பெரும்பாலும் புண்ணுக்குப் போடும் களிம்புகளில் வரும். சேற்றுப்புண்ணுக்கு வாங்கியதைக் குழந்தையின் டயப்பர் புண்ணுக்குப் போடாதீர்கள். "சுத்தி செய்த மருந்து, விஷம் போய்விடும்" என்பார்கள். தனிமத்தை எந்தப் புடம் போட்டாலும் அது காரீயம்தான். பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-இல் வெளியான ஆய்வில் 14-இல் கன உலோகம் இருந்தது. ஐந்தில் ஒன்று.

மளிகை மொத்த வியாபாரம்:
மஞ்சளைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கையை உடைக்க வேண்டும். "தூளில்தான் கலப்படம், விரலி மஞ்சள் வாங்கி நாமே அரைத்தால் போதும்" என்பது தவறு. காரீயக் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியைக் கலப்பதே பெரும்பாலும் முழு விரலியில்தான். வேகவைத்துக் காயவைத்த மஞ்சளை டிரம்மில் போட்டு மெருகேற்றும்போது, மழையில் நனைந்து கறுத்த சரக்குக்கு நிறம் ஏற்ற இதைத் தூவுவார்கள். வங்காளதேசத்தில் 2019-இல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 சதவிகிதத்தில் இது இருந்தது. அரசு மொத்த வியாபாரிகளுக்கு அபராதம் போட்டு, ஆலைகளில் சோதனை நடத்தி, 2021-இல் அதைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தது. அரசு முனைந்தால் இரண்டே வருடத்தில் நடக்கும் காரியம் இது.

வீட்டில் செய்யும் சோதனை: கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீரில் ஒரு விரலி மஞ்சளைப் போடுங்கள், கிளறாதீர்கள். போட்டவுடன் பளீர் மஞ்சள் நிறம் பிரிந்து இறங்கினால் மேலே பூசியிருக்கிறது. தண்ணீர் தெளிவாக இருந்தாலும் ஆய்வக முடிவுக்கு ஈடாகாது. அமிலம் ஊற்றி இளஞ்சிவப்பு வருகிறதா என்று பார்ப்பது மெட்டானில் மஞ்சள் என்ற சாயத்துக்கானது. அதற்கும் காரீயத்துக்கும் சம்பந்தமில்லை. ஒரு காணொளி இரண்டையும் குழப்பி ஓடிக்கொண்டிருக்கிறது.

கணக்கு எளிது. 1 பிபிஎம் என்றால் ஒரு கிராமில் 1 மைக்ரோகிராம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குழந்தைக்கு நாளைக்கு 2.2 மைக்ரோகிராம் என்று குறிப்பளவு வைத்திருக்கிறது. 500 பிபிஎம் மஞ்சளில் அரை கிராம் போட்டாலே 250 ஆகிவிடும். பட்டையும் விதிவிலக்கில்லை. 2023-இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழில் சிக்கியது பட்டைத்தூள்தான்.

குங்குமம்: மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த சிவப்பு கொஞ்சம் மங்கலாக, பழுப்பு ஓடி இருக்கும். ஆரஞ்சுச் சிவப்பாகக் கண்ணைப் பறித்து, கையில் கனமாகத் தெரியும் சிந்தூரத்தைச் சந்தேகப்படுங்கள். பூஜைத்தட்டு குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

ஈசூன் மீனா:
ரசத்துக்கு ஈயச்சொம்பு? கும்பகோணத்தில் வாங்கியது வீட்டில் இருக்கிறது.

பாத்திரம் பழுது:
மீனாம்மா, அசல் சொம்பு வெள்ளீயம் (டின்), அது பிரச்சினையில்லை. காரீயம் மலிவு என்பதால் கலந்துவிடுகிறார்கள். புளியும் தக்காளியும் கொதிக்கும்போது அது இறங்கும். அடர்த்தி பார்த்தால் ஓரளவு தெரியும். வெள்ளீயம் 7.3, காரீயம் 11.3.

சமையல் தராசில் காய்ந்த சொம்பை எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். சொம்பை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ தொடாமல், உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் முழுக்க அமிழ்த்துங்கள். தராசு காட்டும் கிராம்தான் அதன் கன அளவு, மில்லிலிட்டரில். முதல் எடையை இதால் வகுக்கவும். 400 கிராம் சொம்புக்கு 55 வந்தால் 7.27, சரி. 52 வந்தால் 7.7. கீழே வைத்துவிடுங்கள். பத்து சதவிகிதம் காரீயம் கலந்தாலே அடர்த்தி 7.57 ஆகும்.

இதில் ஒரு பொத்தல் உண்டு. தராசு ஒரு கிராம் பிசகினாலே விடை 0.13 நகர்ந்துவிடும். ஆகவே 3 சதவிகிதக் கலப்பை இந்த முறை காட்டாது, ஆனால் புளிக்குழம்பில் காரீயம் இறங்க அதுவே போதும். தேறாத சொம்பு நிச்சயம் கெட்டது. தேறிய சொம்பு நல்லது என்று சொல்ல முடியாது. குழந்தை குடிக்கும் ரசத்தை எவர்சில்வரில் வைத்துவிட்டுப் போங்கள். கலாய் பூசிய பித்தளைக்கும் இதே எச்சரிக்கை, பூசுகிறவர் கையில் இருந்தது பற்றவைப்பு ஈயமா என்று பார்த்தால் தெரியாது.

பழைய உலோகத்தை உருக்கி வார்த்த அலுமினியச் சட்டி இன்னும் மோசம். அமெரிக்காவிலும் அதைப் பிடித்திருக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலம் 2024-இல் பாத்திரத்துக்கென்றே சட்டம் போட்டது. 2025 ஆகஸ்டில் இந்தியாவில் செய்த அலுமினியக் கடாய் ஒன்றுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது.

பெயிண்ட் காண்ட்ராக்டர், கேலாங்:
சுவருக்கு அடிக்கிற தண்ணி பெயிண்ட்டப் பத்திக் கவலையில்ல. எனாமல்தான் விஷயம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமலில் குரோமேட் நிறமி, சீக்கிரம் காய வைக்கிற டிரையர், பழைய இரும்பு கேட், ஜன்னல் கிரில்லுக்கு அடியில் ஆரஞ்சு நிறப் பிரைமர். இந்த மூணுலதான் காரீயம் இருக்கும். உலக அளவில் சொல்ற வரம்பு 90 பிபிஎம். இந்தியாவில் அது 2017 நவம்பர்ல வந்தது. அதுக்கு முன்னாடி ஊரில் செஞ்ச தொட்டில், நடைவண்டி கொண்டு வந்திருந்தா அதுல பல் படக்கூடாது.

பழைய கிரில்லை உலர்ந்த தாளால தேய்க்காதீங்க. கிரைண்டர் வேண்டவே வேண்டாம். தண்ணி தெளிச்சு, ஈரத் தாளால தேய்ங்க. அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, ஃபேன் ஆஃப். ஹீட் கன் வச்சா 590 டிகிரிக்கு மேல போனா காரீயம் ஆவியாகும், தீச்சுவாலை சுத்தமா கூடாது. சாதா வேக்குவம் தூளை பின்னாடி ஊதித் தள்ளும், நுண்தூளையும் பிடிக்கிற ஹெப்பா வடிகட்டி வச்சது வேணும். வேலை முடிஞ்சதும் சோப்புத் தண்ணி, அப்புறம் நல்ல தண்ணி, ரெண்டு துணி. குழந்தையும் கர்ப்பிணியும் அன்னிக்கு வீட்டிலேயே இருக்கக்கூடாது. வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு துவைக்காதீங்க. பேட்டரி வேலை பாக்கிறவங்களுக்கும் இதேதான்.

கடையில் விக்கிற சிவக்கும் குச்சிச் சோதனை சிவப்புப் பெயிண்ட்டில் குழப்பும், 90 பிபிஎம் மாதிரி சின்ன அளவையும் பிடிக்காது. நம்பி உட்காராதீங்க.

குழந்தைப் பிரிவு தாதி:
இரத்தப் பரிசோதனை பற்றி. அறிகுறிக்காகக் காத்திருந்தால் தாமதம். பசியின்மை, மலச்சிக்கல், எரிச்சல், பேச்சுத் தாமதம் எல்லாம் வேறு நூறு காரணத்துக்கும் வரும். மண், சுண்ணாம்பு தின்னும் குழந்தை, ஊர் மருந்து சாப்பிடும் குழந்தை, சுர்மா போட்ட குழந்தை என்றால் பலதுறை மருந்தகத்தில் அதை வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள். மருந்துப் புட்டியையும் கையோடு கொண்டு போங்கள். திட்டுவார்களோ என்று மறைப்பதால்தான் பாதி நேரம் மூலமே தெரியாமல் போகிறது.

விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூளும் சேர்ந்து அளவு பொய்யாக ஏறும். கூடியிருந்தால் கையின் இரத்தக் குழாயில் (சிரையில்) எடுத்து உறுதி செய்ய வேண்டும். அறிக்கையில் அலகைப் பாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்பதும் லிட்டருக்கு 0.24 மைக்ரோமோல் என்பதும் ஒன்றே. 0.24 என்று பார்த்து "ரொம்பக் கம்மி" என்று நிம்மதி அடைகிறவர்கள் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல், டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே காரீயம் வந்த மூலத்தைத் தேடச் சொன்னது. அமெரிக்காவின் குறிப்பளவு அதே ஆண்டில் 3.5 ஆனது. 45-க்கு மேல் காரீயத்தை வெளியேற்றும் மருந்து (கீலேஷன்). அதைத் தொட்டு ஒரு எச்சரிக்கை: கால்சியம் டைசோடியம் ஈடிடிஏ வேறு, வெறும் டைசோடியம் ஈடிடிஏ வேறு. பின்னது இரத்தக் கால்சியத்தைச் சரித்து உயிரைப் பறித்திருக்கிறது. "கீலேஷன்" என்று மருத்துவமனைக்கு வெளியே யார் விற்றாலும் வேண்டாம்.

மூலத்தை எடுத்துவிட்டால் இரத்த அளவு சுமார் ஒரு மாதத்தில் பாதியாகும். பல மாதமாக ஊறியிருந்தால் எலும்பிலிருந்து திரும்ப ஊறி மெதுவாகத்தான் இறங்கும். இறங்காமல் நின்றால் வீட்டில் இன்னும் ஏதோ இருக்கிறது. குழந்தை தூண்டில் ஈயக்குண்டு, பெயிண்ட் செதில் போன்றதை விழுங்கியிருக்கலாம் என்றால் வயிற்று எக்ஸ்ரே கேளுங்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தை காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். கேழ்வரகும் முருங்கைக்கீரையும் நல்லதே, ஆனால் அவை மருந்தல்ல.

தெம்பனிஸ் வாசகி:
தண்ணீர் விட்டுப் போனது. 2015-இல் ஹாங்காங் பொதுக் குடியிருப்புகளின் குழாய்த் தண்ணீரில் காரீயம் வந்ததற்குக் குழாய்களைப் பற்றவைத்த ஈயம்தான் காரணம், மூலத் தண்ணீர் இல்லை. நம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டிலும் காலை முதல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், பால்மாவு கரைக்கச் சூடாக்கியின் வெந்நீரை எடுக்காதீர்கள். கொதிக்க வைத்தால் காரீயம் போகாது, தண்ணீர் வற்றி இன்னும் கெட்டிப்படும்.

ஆய்வகம் மணி:
சந்தேகப் பொருளைக் கொடுப்பவர்களுக்கு. மசாலாவை வேறு டப்பாவுக்கு மாற்றாமல், அதே பொட்டலத்தில், தொகுதி எண்ணோடு வையுங்கள். 50 கிராம் தாராளம். மேலாக மட்டும் அள்ளாமல் கலக்கி எடுங்கள், காரீயக் குரோமேட் கனம், அடியில் படியும். சிங்கப்பூர் அங்கீகார மன்றத்தின் (எஸ்ஏசி) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் "காரீயம், பிபிஎம்-இல், ஐசிபி-எம்எஸ் முறை" என்று எழுதிக் கேளுங்கள். "கன உலோகம் உள்ளதா" என்று கேட்டால் "உள்ளது" என்று ஒரு வரிதான் வரும். கடையில் வாங்கியது என்றால் உணவுக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பு, மருந்துக்கும் மைக்கும் சுகாதார அறிவியல் ஆணையம், பொம்மைக்குப் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு அலுவலகம். ரசீதை வைத்திருங்கள். ஊரிலிருந்து வந்தது என்றால் முடிவை அனுப்பியவருக்கும் சொல்லுங்கள், அதே கடையில்தான் அவர்களும் வாங்குகிறார்கள்.