ஜிம்முவின் கி.மு. 660: புராணத்தையும் அகழாய்வையும் எப்படிப் பொருத்துவது?

வாசகன்_மு:
ஜப்பானின் பழைய அரச வரலாற்று நூலான நிஹோன் ஷோகியின் கணக்குப்படி முதல் பேரரசர் ஜிம்மு அரியணை ஏறியது கி.மு. 660. அதற்காகத்தான் பிப்ரவரி 11 இன்றும் ஜப்பானில் விடுமுறை. ஆனால் தொல்லியலில் அந்தக் காலத்துக்கு அரசே தென்படவில்லை. அந்த ஆண்டு எங்கிருந்து வந்தது?

கயல்விழி:
கணக்குப் போட்டு வந்தது. 720இல் நூலை முடித்தவர்கள் பின்பற்றியது சீனத்து அறுபது ஆண்டுச் சுற்று. அதில் 58ஆவதான ‘ஷின்-யூ’ ஆண்டில் ஆட்சி மாறும், 21 சுற்றுக்கு ஒருமுறை பெரும்புரட்சி வரும் என்பது ஒரு நம்பிக்கை. 601 ஒரு ஷின்-யூ ஆண்டு. 21 × 60 = 1260 ஆண்டு பின்னே போனால் கி.மு. 660. (பூஜ்ய ஆண்டு கிடையாது; அதை மறந்தால் 659 என்று வரும்.) மெய்ஜி கால வரலாற்றாசிரியர் நாகா மிச்சியோவின் விளக்கம் இது.

இவ்வளவு காலத்தை நிரப்ப ஆயுளை நீட்ட வேண்டியிருந்தது. ஜிம்முவுக்கு 127 வயது! 2 முதல் 9 வரையான பேரரசர்களுக்கு வம்சாவளியைத் தாண்டிப் பெரிதாக எதுவும் இல்லை. பேரரசி ஜிங்கூ பற்றிய பகுதியில் கொரியாவின் பெக்ஜே நாட்டு அரசர் கன்சோகோவின் மரணம் 255இல் விழுகிறது. கொரிய வரலாற்றில் 375. சரியாக இரண்டு சுற்று. அந்தப் பகுதியின் கொரியச் செய்திகளுக்கு 120 கூட்டிப் படியுங்கள். நூல் முழுவதற்கும் கூட்டினால் தப்பாகிவிடும்.

மண்ணடுக்கு:
கதைக்கு வயது பார்க்க அதில் வரும் பொருட்களைக் கவனியுங்கள். இன்னொரு பழைய நூலான கொஜிகியில் (712) சூரிய தேவி அமதெராசு குகைக்குள் ஒளியுமுன் தம்பி சுசனோவோ செய்த அட்டூழியம் என்ன? அவளுடைய வயல் வரப்பை உடைத்தான், வாய்க்காலைத் தூர்த்தான், நெசவுக்கூடத்தின் கூரையைப் பிளந்து தோலுரித்த குதிரையை உள்ளே எறிந்தான். வரப்பும் வாய்க்காலும் நன்செய்க்கு உரியவை. வேட்டையும் மீனும் கொட்டைகளும் தின்று வாழ்ந்த ஜோமோன் மக்களிடம் அது இல்லை. கியூஷுவின் நபதாகே, இதாசுகே வயல்களோடுதான் தொடங்குகிறது. குதிரை இன்னும் பிந்தியது. 3ஆம் நூற்றாண்டு ‘வா’ நாட்டில் (அன்றைய ஜப்பான்) மாடும் குதிரையும் இல்லை என்கிறது சீனத்து வெய் வரலாறு. கல்லறை மேடுகளில் சேணமும் சுடுமண் குதிரையும் பெருகுவது 5ஆம் நூற்றாண்டிலிருந்து. ஒரே காட்சியில் எத்தனை அடுக்கு பாருங்கள்!

பலர் தவறுவது இங்கேதான்: குகை வாசலில் தொங்கும் மகதாமா என்ற வளைந்த மணி ஜோமோன் காலத்திலேயே உண்டு, ஆகவே கதையும் ஜோமோன் என்பார்கள். பக்கத்திலேயே கண்ணாடியும் தொங்குகிறது. வெண்கலக் கண்ணாடி ஜோமோனுக்கு அடுத்த யாயோய் காலத்து வரவு. இருப்பதிலேயே இளைய பொருளைக் கொண்டுதான் காட்சியின் இன்றைய வடிவத்துக்கு வயது சொல்ல முடியும்.

வாசகன்_மு:
பேரரசர் பெயர்களை எதிலிருந்து நம்பலாம்?

கயல்விழி:
இனாரியாமா வாள். சைதாமாவில் ஒரு கல்லறை மேட்டில் 1968இல் கிடைத்தது. 1978இல் எக்ஸ்-கதிர் படத்தில் பொன் பதித்த 115 எழுத்துகள் தெரிந்தன. ‘ஷின்-காய்’ ஆண்டு, மாமன்னர் வகதாகெரு. அறுபதாண்டுச் சுற்று என்பதால் 471ஆகவும் இருக்கலாம், 531ஆகவும் இருக்கலாம். வகதாகெரு என்பது 21ஆம் பேரரசர் யூர்யாகுவின் பெயர். 478இல் சீனத்துக்குத் தூது அனுப்பிய ‘பு’ அரசரும் அவரே என்பது பெரும்பான்மைக் கருத்து. அதனால்தான் 471ஐ எடுத்துக்கொள்கிறார்கள்.