சூரிய மின்சாரம் மலிந்தும் நிலக்கரி குறையவில்லையே, ஏன்?

தூத்துக்குடி மாணவி:
2024-இல் புவியின் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் கூடியது. அதே ஆண்டில்தான் உலகம் முன் எப்போதும் இல்லாத அளவு நிலக்கரியை எரித்தது. இந்தியாவின் நிறுவுதிறனில், அதாவது எல்லா மின் நிலையங்களும் முழு அளவில் ஓடினால் தரக்கூடிய திறனில், பாதி நிலக்கரி, எரிவாயு சாராதது என்கிறார்கள். பிறகு ஏன் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது?

பழைய பாய்லர்காரர்:
அனல்மின் நிலையத்தில் பாய்லர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நிறுவுதிறனை மட்டும் பார்க்காதே அம்மா. சூரியத் தகடு ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் தன் திறனில் ஐந்தில் ஒரு பங்குதான் தரும். மாலை ஆறு மணிக்கு அது ஓய்ந்துவிடும். வீடுகளில் விளக்கும் ஏசியும் ஓடத் தொடங்குவது அப்போதுதான்.

அந்த நேரத்துக்காக மட்டும் அனல் நிலையத்தை ஓட்ட முடியாதா என்று கேட்பார்கள். குளிர்ந்துபோன பாய்லரை முதலில் எண்ணெய் ஊற்றித்தான் பற்ற வைப்போம். பாய்லரில் தண்ணீரிலிருந்து நீராவி பிரியும் டிரம்மின் சுவர் கனமான இரும்பு. சூட்டை அவசரமாக ஏற்றினால் விரிசல் விடும். நீராவி விசையில் சுழலும் டர்பைனின் தண்டு வளையாமலிருக்க அதை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முழு லோடு ஏற அரை நாளுக்கு மேலாகும். அதனால் நண்பகலில் வெயில் கொட்டினாலும் உலையை அணைக்காமல் பாதி லோடில் ஓட்டுகிறார்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிகிறது. ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு புகைபோக்கி வழியே போகிறது.

ஆகவே தகடுகளை மட்டும் கூட்டிக்கொண்டே போவது போதாது. பகல் மின்சாரத்தை மாலைக்குச் சேமிக்க வேண்டும். விவசாய மோட்டார்களைப் பகலுக்கு மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் புது அனல் நிலையங்களுக்கு அடிக்கல் நாட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. இன்று கட்டுவது இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் புகையும்.

சேலம் வாசகன்:
பிரிட்டன் 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி மின் நிலையத்தையே மூடிவிட்டதே?

பழைய பாய்லர்காரர்:
மூடியது பெரிய காரியம்தான். ஆனால் அவர்களிடம் வடகடல் எரிவாயு இருந்தது. மின் தேவையும் குறைந்துகொண்டே வந்தது. நம் தேவையோ ஆண்டுதோறும் ஏறுகிறது. 2024-25-இல் நாம் தோண்டிய நிலக்கரி மட்டும் 100 கோடி டன்னைத் தாண்டியது.

தூத்துக்குடி மாணவி:
சேமிப்பு என்றால் பேட்டரிதானா ஐயா? அவ்வளவு பேட்டரிக்கு எங்கே போவது?

பழைய பாய்லர்காரர்:
பேட்டரியும் வேண்டும். அதோடு, மின்சாரம் மிஞ்சும்போது கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம் கோவை மாவட்டம் கடம்பாறையில் 1980-களிலிருந்தே இருக்கிறது, 400 மெகாவாட். நீலகிரியில் குந்தா திட்டத்தை 500 மெகாவாட்டுக்குத் திட்டமிட்டார்கள். அதற்குப் புது அணை தேவையில்லை. ஏற்கெனவே உள்ள போர்த்திமந்து, அவலாஞ்சி-எமரால்டு நீர்த்தேக்கங்களையே சுரங்கப்பாதையால் இணைப்பதுதான் திட்டம். முதலில் இப்படிப்பட்ட இடங்களைத் தேடச் சொல்லிக் கேளுங்கள்.