தமிழ்மொழி மூல உயிர்த்தொழினுட்ப வகுப்புக்கு நம்மவரிடம் எதைக் கேட்கலாம்?

கேள்வி: உயிரியல் ஆசிரியை, கொட்டாஞ்சேனை

அனைவருக்கும் வணக்கம். கொழும்பு வடக்கிலுள்ள அரசாங்கப் பாடசாலை ஒன்றில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியலையும் உயிர்முறைமைகள் தொழினுட்பவியலையும் தமிழ்மொழி மூலம் கற்பித்து வருகிறேன். தொழினுட்பத் துறை 2013 இல் உயர்தரத்தில் அறிமுகமான பின்னர் கைவேலையில் ஆர்வமுள்ள பிள்ளைகள் பலர் எங்களிடம் வருகிறார்கள். ஆனாலும் மீள்சேர்க்கை டி.என்.ஏ. தொழினுட்ப அலகை நடத்தும்போது, நொதியம் வெட்டிய டி.என்.ஏ. துண்டுகள் மின்புலத்தில் ஜெல்லினூடாக நகர்ந்து பிரிவதைக் கரும்பலகையில் கோடுகளாகக் கீறிக் காட்டுவதற்கு மேல் என்னால் எதுவும் செய்ய முடிவதில்லை. தாவரத் துண்டைப் போத்தலில் வளர்த்தெடுக்கும் இழைய வளர்ப்பின் படிமுறைகளைப் பிழையின்றி எழுதி முழுப்புள்ளி பெறும் மாணவி, வளர்ப்பு ஊடகம் உறைந்த ஒரு போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை.

ஆகவே வாரத்தில் ஒரு நாள், பாடசாலை முடிந்தபின், இழைய வளர்ப்பு, நொதித்தல், டி.என்.ஏ. பிரித்தெடுத்தல், ஜெல் எலெக்ட்ரோபோரசிஸ் ஆகியவற்றைச் செய்முறையாகக் கற்பிக்கும் வகுப்பைத் தொடங்க விரும்புகிறேன். அதிபர் இணங்கிவிட்டார். பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் "என்ன வேண்டும் என்று பட்டியல் தாருங்கள்" என்கின்றன. அந்தப் பட்டியலில்தான் தயங்கி நிற்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நிறுவனம் நல்ல மனத்தோடு எங்களுக்கு ஒரு கருவியை அன்பளித்தது. அதற்குரிய இரசாயனங்களை ஆண்டுதோறும் யார் வாங்குவது என்று அன்று எவரும் பேசவில்லை. இன்று அது உறை போர்த்தியபடி அலுமாரிக்கு அருகில் நிற்கிறது. எதை, யாரிடம் கேட்டால் இந்த வகுப்பு இரண்டாம் ஆண்டையும் மூன்றாம் ஆண்டையும் காணும்? பெற்றோருக்குப் பாதுகாப்புப் பற்றி என்ன உறுதி சொல்லலாம்? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பதில் 1: மூலக்கூற்று ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர், பொரளை

ஆசிரியை அவர்களுக்கு, டி.என்.ஏ.யைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர். இயந்திரத்தைப் பட்டியலின் தலையில் எழுதிவிடாதீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். யானையை வாங்கி அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதை நம் ஆய்வுகூடங்களில் அடிக்கடி நடக்கிறது. பி.சி.ஆருக்குரிய நொதியம் மறை 20 பாகை செல்சியஸில் இருக்கவேண்டும். தானாகவே உறைபனியை உருக்கும் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபெட்டி, அந்த வேலைக்காக அவ்வப்போது சூடேறுவதால் நொதியத்துக்கு உகந்ததன்று. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியதை நாம் மறக்கவில்லை. நீண்ட விடுமுறையில் பாடசாலை பூட்டிக் கிடக்கும்போது மின்சாரம் போனால், திரும்பி வந்து பார்க்கையில் நொதியம் வேலைசெய்யுமா என்பதே சந்தேகம்தான்.

இழைய வளர்ப்பில் தொடங்குங்கள். முராஷிகே, ஸ்கூக் ஆகிய இருவரும் 1962 இல் வெளியிட்ட ஊடகமே இன்றும் பெரும்பாலான இடங்களில் பயன்படுகிறது. தயார்நிலைத் தூளாக வாங்கினால் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 4.4 கிராம் போதும். அதனுடன் 30 கிராம் சீனி, ஊடகத்தை உறையவைக்க 7 அல்லது 8 கிராம் ஏகார். சமையலறைச் சீனியே பள்ளிச் செய்முறைக்குப் போதுமானது. பீ.எச். பெறுமானத்தை 5.8 அளவில் சரிசெய்து, போத்தலுக்கு 25 மில்லிலீற்றர் வீதம் ஊற்றினால் ஒரு லீற்றரில் 40 ஜாம் போத்தல்கள் நிரம்பும். ஒரு வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஒரு போத்தல் என்றாலும் மிஞ்சும்.

கிருமியழிப்புக்கு ஓட்டோகிளேவ் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். 15 பீ.எஸ்.ஐ. அமுக்கம் தரும் நல்ல பிரஷர் குக்கர், கொழும்பு போன்ற கடல்மட்ட ஊரில் 121 பாகை செல்சியஸை எட்டும். உள்ளேயுள்ள காற்று ஆவியுடன் முழுமையாக வெளியேறிய பின்னரே எடையைப் போட்டு, அமுக்கம் ஏறியதிலிருந்து 20 நிமிடம் வைத்திருங்கள். (இதே குக்கரை 1,800 மீற்றருக்கு மேலுள்ள நுவரெலியாவில் வைத்தால் வெப்பநிலை சற்றுக் குறைவாகவே இருக்கும், அங்குள்ள ஆசிரியர்கள் நேரத்தைக் கூட்டவேண்டும்.) பழைய மீன்தொட்டியைப் பக்கவாட்டில் கிடத்தி, திறந்த பக்கத்தைத் தடித்த பொலித்தீனால் மூடி, கை நுழைய இரு துளைகள் விட்டால், காற்றிலுள்ள கிருமிகள் விழாமல் தாவரத் துண்டைப் போத்தலில் இடுவதற்கான காற்றசைவற்ற பெட்டி தயார். வேலை முடியும்வரை மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்திவையுங்கள். அல்கஹோல் தெளித்த பெட்டிக்குள் சுடரைக் கொண்டுபோகக் கூடாது என்பதை மட்டும் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

மூன்றாம், நான்காம் நாளில் சில போத்தல்களில் தாவரத் துண்டைச் சுற்றிப் பஞ்சுபோன்ற வெண்பூஞ்சணம் கிளம்பும். அதைக் கண்டு பிள்ளைகள் சோர்ந்துபோகாமல், யாருடைய போத்தலில், எந்தப் பக்கத்தில், எத்தனையாம் நாளில் வந்தது என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். துண்டிலிருந்தே கிளம்பினால் வெளிற்றும் திரவத்தில் கழுவியது போதவில்லை. துண்டுக்கு எட்டத்தில், ஊடகத்தின் மேற்பரப்பில் தோன்றினால் மூடியைத் திறந்தபோது காற்றோடு வந்திருக்கக்கூடும். எங்கள் ஆய்வுகூடத்தில் புதியவர்களுக்கு நாங்கள் மாதக்கணக்கில் பழக்கும் பார்வை இதுதான்.

யாரிடம் கேட்பது என்கிறீர்கள். உங்களுக்கு அண்மையில் செட்டியார் தெரு இருக்கிறது. மில்லிகிராம் வரை துல்லியமாக நிறுக்கும் தராசு நகைக்கடைக்காரர்களின் அன்றாடக் கருவி. புதிய தராசு வாங்கும்போது பழையதைப் பாடசாலைக்குத் தரச்சொல்லிக் கேளுங்கள். எங்களைப் போன்ற ஆய்வுகூடங்களில் வேலைசெய்யும் தமிழ் இளைஞர்களிடம் பணத்தை எதிர்பார்க்காதீர்கள், நேரத்தைக் கேளுங்கள். மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபிப்பெட்டைப் பிடிப்பதற்குப் பழக்க, நிறமூட்டிய தண்ணீரும் ஒரு மாலைப்பொழுதும் போதும். நான் வரத் தயாராக இருக்கிறேன்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை மூன்று விடயங்களில் இடங்கொடுக்காதீர்கள். நோயாளர் மாதிரிகள் இருந்த எந்தப் பெட்டியையும் பொருளையும் அன்பளிப்பாக ஏற்கவேண்டாம். ஜெல்லுக்கு எதிடியம் புரோமைட்டு எவர் தந்தாலும் திருப்பிவிடுங்கள். அது மரபுப்பொருளோடு பிணையும் சேர்வை, பள்ளிக்கு உரியதன்று. டி.என்.ஏ. வேண்டுமானால் வாழைப்பழத்திலிருந்து எடுங்கள், பிள்ளைகளின் இரத்தத்தையோ உமிழ்நீரையோ தொடாதீர்கள். ஜெல்லின் செயற்பாட்டை விளக்க முதல் தவணையில் டி.என்.ஏ.யே தேவையில்லை. உணவு நிறமூட்டிகளை ஏகார் ஜெல்லில் ஓடவிட்டால், மூலக்கூறுகள் மின்புலத்தில் வெவ்வேறு வேகத்தில் நகர்வதைப் பிள்ளைகள் வெறுங்கண்ணால் பார்ப்பார்கள்.

பதில் 2: பெற்றோர், பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினர், மட்டக்குளி

மேலே ஐயா எழுதியது எங்களைப் போன்ற பெற்றோருக்கு மிகவும் பயனுள்ளது. பணம், பொருள் தொடர்பாக மட்டும் நான் சொல்கிறேன்.

எந்த அன்பளிப்பும் ஆசிரியை அவர்களின் கைக்கோ சொந்தக் கணக்குக்கோ வரக்கூடாது. சங்கத்தின் கணக்கில் இட்டு, பற்றுச்சீட்டுக் கொடுத்து, பொருளாயின் அன்றே இன்வென்டரிப் புத்தகத்தில் பதியவேண்டும். இது உங்கள்மீதான ஐயத்தினால் சொல்வதன்று. நாளை நீங்கள் இடமாற்றம் பெற்றுச் சென்றாலும் அந்தப் பொருள் வகுப்பின் பொருளாகவே இருக்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிள்ளைகளிடம் கட்டணம் அறவிட வேண்டாம். எங்கள் பகுதியில் நாட்கூலிக்குப் போகும் பெற்றோர் அதிகம். ஒரு சிறிய தொகையைக் கேட்டாலும், அதைச் செலுத்த முடியாத பிள்ளை "எனக்கு இதில் விருப்பமில்லை" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும். உண்மைக் காரணத்தை நாம் அறியவே மாட்டோம். அதற்குப் பதிலாக, ஒரு தவணைக்குரிய ஏகார், சீனி, கையுறை, அல்கஹோல், பிப்பெட் முனைகள் ஆகியவற்றின் செலவை ஒரு தாளில் எழுதி, "இந்தத் தவணையை நாங்கள் பொறுப்பேற்கிறோம்" என்று முன்வரும் ஒரு குடும்பத்தையோ கடையையோ தேடுங்கள். கடைக்காரர் ஒருவருக்கு அப்படிப்பட்ட தொகை கைக்கு அடங்கும், அடுத்த ஆண்டும் தரக்கூடும். பணம் தரமுடியாத பெற்றோரும் வெறுங்கையர் அல்லர். எங்களுள் அலுமினியம் வேலை செய்பவர், மின்னிணைப்பாளர், தச்சர் எல்லோரும் இருக்கிறார்கள். அந்த மீன்தொட்டிப் பெட்டியை அவர்கள் ஒரு சனிக்கிழமையில் செய்து தருவார்கள்.

பதில் 3: உயிர்முறைமைகள் தொழினுட்பப் பட்டப்படிப்பு மாணவி

நானும் கொழும்பில் தமிழ்மொழி மூலம் உயர்தரம் படித்துவிட்டு இப்போது பல்கலைக்கழகத்தில் இருப்பவள். டீச்சர், உங்களுக்குக் கருவிகளைவிடப் பெரிய தடை ஒன்று வரும். "உயிரியல் படித்தால் வைத்தியராகவேண்டும், அது கிடைக்காவிட்டால் பின்பு பார்க்கலாம்" என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறியிருக்கிறது. வகுப்பு நடக்கும் அதே மாலையில் டியூசன் இருந்தால் பிள்ளையை டியூசனுக்கே அனுப்புவார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய்விடும் என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொன்னதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சியிலுள்ள தொழினுட்ப பீடத்திலும், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்றே பட்டப்படிப்பு இருப்பது எங்கள் தெருவில் எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

முதற் கூட்டத்திலேயே பெற்றோரைச் செய்முறையில் அமர்த்துங்கள். யோகட் செய்வதில் தொடங்கலாம். 43 பாகை அளவில் வைத்த பாலில் இருவகைப் பற்றீரியாக்கள் அமிலத்தைச் சுரக்க, பீ.எச். 4.6 ஐ நெருங்கும்போது பாற்புரதம் உறைகிறது என்பதை, அரை மணிக்கொருமுறை பீ.எச். தாளை நனைத்து அவர்களே நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். என் அம்மா வீட்டில் பலமுறை செய்த வேலை அது. அதற்குள் இவ்வளவு விஞ்ஞானம் இருப்பதைப் பின்னாளில் நான் விளக்கியபோதுதான் என் படிப்பை அவர் மனதார ஏற்றுக்கொண்டார்.

இன்னொன்று மொழி. பல்கலைக்கழகத்தில் எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழில் ஆழமாக விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு அதைக் கடப்பது கடினமில்லை, ஆனால் முதல் ஆறு மாதம் தவித்துப்போவோம். செய்முறைக் குறிப்பேட்டில் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் எதிரே ஆங்கிலச் சொல்லையும் எழுதப் பழக்கினால் பெரிய உதவியாக இருக்கும். விடுமுறையில் கொழும்புக்கு வரும் எங்களைப் போன்ற மாணவர்களை அந்த வேலைக்கு அழையுங்கள்.

பதில் 4: விஞ்ஞான ஆசிரியர், வெள்ளவத்தை

பி.சி.ஆரை முற்றாக ஒத்திப்போடுவதில் எனக்கு முழு உடன்பாடில்லை. நம் பிள்ளைகள் பூஞ்சணத்தோடும் யோகட்டோடும் நின்றுவிடக்கூடாது. மற்ற மொழிமூலப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது இவர்களுக்கும் கிடைக்கவேண்டும். ஆனால் ஒவ்வொரு பாடசாலையும் தனித்தனியே வாங்கவேண்டியதில்லை. அமெரிக்காவில் ஆம்ஜன் என்ற உயிர்த்தொழினுட்ப நிறுவனத்தின் ஆதரவுடன் 1990 இல் கலிபோர்னியாவில் தொடங்கிய திட்டத்தின் அடிப்படையே இரவல்தான்: கருவிகளும் இரசாயனங்களும் அடங்கிய பெட்டி ஒரு பாடசாலைக்கு வந்து, சில வாரம் இருந்துவிட்டு, அடுத்த பாடசாலைக்குப் போகும், அதைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் முன்கூட்டியே பயிற்சி பெற்றிருப்பார்கள்.

கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை ஆகிய இடங்களின் தமிழ்மொழி மூலப் பாடசாலைகள் ஒரு முச்சக்கர வண்டி ஓடும் தூரத்துக்குள்தான் இருக்கின்றன. ஆறு மைக்ரோபிப்பெட்டுகள், ஒரு ஜெல் தொட்டி, ஒரு மின்வழங்கி, பின்னொரு காலத்தில் ஒரு சிறிய பி.சி.ஆர். இயந்திரம் ஆகியவற்றை ஒரு பெட்டியாக்கித் தவணைக்கொரு பாடசாலையாகச் சுற்றவிடலாம். நொதியத்தை மட்டும், நம்பகமான உறைபெட்டி உள்ள ஓர் ஆய்வுகூடத்தில் வைத்துவிட்டுத் தேவைப்படும் அன்று பனிக்கட்டியில் எடுத்துவரலாம். மேலே எழுதிய தொழினுட்பவியலாளர் அதற்கு வழி சொல்லக்கூடும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிரிரசாயன, மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழினுட்ப நிறுவகம் குமாரதுங்க முனிதாச மாவத்தையில் இருக்கிறது. அதிபரின் கடிதத்துடன் ஆசிரியர் பயிற்சிக்காக ஒரு நாள் கேட்டுப் பார்க்கலாம். 1942 முதல் இயங்கிவரும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் எங்கள் வெள்ளவத்தையில் இருப்பதால், ஆண்டிறுதியில் பிள்ளைகளின் போத்தல்களையும் குறிப்பேடுகளையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க அங்கே மண்டபம் கேட்கவும் முயலலாம். எங்கள் பாடசாலை சார்பில் அதிபரிடம் நான் பேசுகிறேன்.

ஆசிரியையின் மறுமொழி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டியலைத் திருத்தி எழுதிவிட்டேன். முதல் ஆண்டுக்கு இழைய வளர்ப்பும் யோகட்டும் நிறமூட்டி ஜெல்லும் மட்டுமே. பொருள்கள் ஒரு பக்கத்திலும், வரக்கூடியவர்களின் நாளும் நேரமும் மறுபக்கத்திலுமாக இருக்கின்றன. இரண்டாவது பக்கம் நிரம்பாமல் முதலாவதைச் சங்கத்திடம் கையளிப்பதில்லை என்று அதிபரிடம் சொல்லியிருக்கிறேன். கட்டணம் இல்லை என்பதும் எழுத்தில் வந்துவிட்டது. வகுப்பு நாளைத் தீர்மானிக்கும் முன் பிள்ளைகளின் டியூசன் நேரங்களைக் கேட்டறியப் போகிறேன்.

உறை போர்த்திய கருவியையும் மறக்கவில்லை. அது ஒரு நிறமாலைமானி, கரைசலொன்று எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று அளப்பது. யோகட், மதுவம் ஆகியவற்றின் செய்முறைகளில் கலங்கல் தன்மையை அளக்க அதைப் பயன்படுத்தலாமா என்று மேலே எழுதிய ஐயாவிடம் கேட்க விரும்புகிறேன்.

பதில் 1 எழுதியவர்

யோகட்டில் முடியாது, பாலே ஒளியை மறைத்துவிடும். மதுவத்துக்கு மிகவும் பொருந்தும். சீனிக்கரைசலில் வளரும் மதுவத்தை 600 நனோமீற்றர் அலைநீளத்தில் அரை மணிக்கொருமுறை அளந்தால் வளர்ச்சி வளையியைப் பிள்ளைகளே வரைந்துவிடுவார்கள். வாங்கவேண்டியது பேக்கரி மதுவமும் கரைசலை ஊற்றிக் கருவிக்குள் வைக்கும் சில பிளாஸ்டிக் கியுவெட்டுகளும் மட்டுமே. விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். கருவியின் பின்புறத்திலுள்ள மாதிரி இலக்கத்தை எனக்கு அனுப்பினால், அதற்குரிய விளக்கு கொழும்பில் கிடைக்குமா என்று விசாரித்துச் சொல்கிறேன்.